இரண்டு பேருக்கென்று புறப்பட்ட முப்பத்தேழு பேர்

மெலாத்தி சந்து, செமாராங், ஜாவா.
திங்கட்கிழமை, மழை விட்ட பிற்பகல்.

என்றும் என் மதிப்பிற்குரிய விந்தார்த்தி அக்காவின் சமுகத்துக்கு, தங்கள் தங்கை முர்யாத்தியின் கணவன் வார்சித்தோ தாழ்ந்து பணிந்து எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கருணையால் இங்கே நானும் முர்யாத்தியும் அவளுடைய வாணலியும் அடுப்பு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரும் நலம். சுரபாயாவில் தாங்களும் தங்கள் வீட்டுக்கார அண்ணனும், குறிப்பாக அண்ணனின் முன்பல்லும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

அக்கா, போன வாரம் தாங்கள் போனில் என்னிடம் பேசியதை, பேசியது என்று சொல்வது மரியாதைக்காகத்தான், சந்தில் மூன்று வீடுகள் தள்ளியும் கேட்டது. எண்டாங் டீச்சர் வாட்ஸ்அப்பில் போட்ட குழுப் படத்தைப் பார்த்துவிட்டுத் தாங்கள் கேட்ட கேள்விகள் மூன்று. ரெண்டு பேர் மட்டும் போறோம்னு சத்தியம் பண்ணிட்டு எதுக்குப் படத்துல ஒரு பட்டாளம் நிக்குது? மலை பாக்கப் போனீங்களே, மலை எங்க? எல்லாத்துக்கும் மேல, என் தங்கச்சி எங்க? நான் பதில் சொல்ல வாயெடுத்ததும், "வேணாம் தம்பி, வாய்ப்பேச்சுல நீ வழுக்கிடுவ. எழுத்துல குடு. படிச்சுப் பாத்துட்டு, முர்யாவை உங்கிட்ட விட்டு வைக்கிறதா, பெருநாள் வரைக்கும் இங்க கூட்டிட்டு வந்துடறதான்னு நான் முடிவு பண்றேன்" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் தட்டுச் சோறு, அதைச் சொல்கிறேன். ஆகவே இதோ எழுத்தில் தருகிறேன். ஒரு சொல்லும் பொய்யில்லை.

முதலில் நான் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டு விடுகிறேன். முர்யாத்தி என்னிடம் நகை கேட்டவள் அல்ல, புடவைத்துணி கேட்டவள் அல்ல. இருபத்தெட்டு வருஷமாக விடியற்காலையில் எழுந்து தெம்பே என்கிற சோயா வில்லையும் காய்வடையும் பொரித்து விற்கிறாள். அவள் அடுப்பு முன்னால் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி கியார்த்தோ வீட்டுச் சுவர். அவ்வளவுதான் அவள் பார்த்த உலகம். பதினோரு வருஷத்துக்கு முன் கியார்த்தோ அந்தச் சுவரைப் பச்சையிலிருந்து மஞ்சளாக மாற்றினார். அன்றைக்கு முர்யாத்தி, "ஊர் மாத்திப் போன மாதிரி இருக்குங்க" என்றாள். நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது அக்கா. போன பெருநாளில் தாங்கள் வந்திருந்தபோது அவள் உங்கள் முன்னாலேயே என்னிடம் கேட்டாள்: "எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்ங்க. கண்ணு போய் எதுலயும் முட்டாத ஒரு இடத்தைக் காட்டுங்க. நாம ரெண்டு பேரு மட்டும். ஒரே ஒரு நாள்." தாங்கள் என் காதைத் திருகாத குறையாகச் சத்தியம் வாங்கினீர்கள். அதற்கு இந்தக் கடிதத்தின் முடிவில் நன்றி சொல்லப் போகிறேன், இப்போது சொன்னால் முகஸ்துதி என்பீர்கள்.

இனி முப்பத்தேழு பேர் விஷயம். சந்துத் தலைவன் என்ற முறையில் ஒரு இரவு ஊரைவிட்டுப் போவதென்றாலும் ரப்பர் முத்திரையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் நான் போக முடியும். நான் இல்லாத நேரம் பார்த்து யாருக்காவது கல்யாணக் கடிதம் வேண்டியிருக்கும், யாராவது புது வாடகைக்காரர் வந்து நிற்பார். ஆகவே செயலாளர் கியார்த்தோவிடம் மட்டும் சொன்னேன். ஒரே ஒருத்தரிடம். "சனிக்கிழமை நானும் வீட்டம்மாவும் டியெங் மலைப்பக்கம் போறோம், முத்திரை உங்ககிட்ட இருக்கட்டும்" என்றேன். சொல்லிவிட்டுச் சும்மா திரும்ப முடியுமா? நம் ஆட்களுக்கு நாக்கிலேயே ஊறிப்போன மரியாதை ஒன்று இருக்கிறதே. சாப்பிட உட்காரும்போது வாசலில் போகிறவரை "வாங்க சாப்பிடலாம்" என்பதும், அவர் "இப்பத்தான் ஆச்சு" என்று சொல்லிவிட்டு நடப்பதும், இரண்டு பேருக்கும் அதன் அர்த்தம் தெரிவதும். அந்த மாதிரித்தான் நானும், "நீங்களும் வாங்களேன்" என்றேன். ஊர் வழக்கப்படி அவர் மூன்று தடவை மறுக்க வேண்டும். அப்புறம் நான் "அடடா, அடுத்த தடவையாவது" என்று வருத்தப்பட வேண்டும். கியார்த்தோ முதல் தடவையிலேயே, "சரி தலைவரே, வர்றேன்" என்று சொல்லிவிட்டார்! ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு இப்படி ஒரு அதிர்ச்சி வந்ததில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குமேல் என் கையில் ஒன்றும் இல்லை. கியார்த்தோவைக் கூப்பிட்டுவிட்டு அவருக்குப் பக்கத்து வீட்டை விட்டால் மனத்தாங்கல். பக்கத்து வீட்டைக் கூப்பிட்டு எதிர்வீட்டை விட்டால் அடுத்த தேர்தலில் எனக்கு மனத்தாங்கல். வியாழக்கிழமைக்குள் முப்பத்தைந்து பேர் சேர்ந்தாயிற்று, பஸ் பேசியாயிற்று. எண்டாங் டீச்சரைத் தாங்கள் அறிவீர்கள், ஓய்வு பெற்ற பிறகும் ஓயாதவர். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிறப் பாத்திக் சட்டை தைக்கச் சொன்னார். அதோடு நில்லாமல் ஐந்து மீட்டர் நீளத்தில் ஒரு பேனர் அடித்துவிட்டார். "மெலாத்தி சந்து நான்காம் வட்டக் குடும்பச் சுற்றுலா, ஒற்றுமையே நம் உயிர்மூச்சு" என்று எழுத்து, மூலையில் நிலாவளவுக்கு என் முகம். முர்யாத்தி அந்த முகத்தையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டாள். முப்பத்தேழு பேருக்கும் பஸ்ஸில் தின்னக் காய்வடை யார் பொரிப்பது? அவள்தான். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான். என் மேல் தங்களுக்கு எவ்வளவு கோபமோ அதில் பாதி எனக்கே என் மேல் இருக்கிறது, அக்கா.

சனிக்கிழமை மதியம் கிளம்பினோம். இயற்கையை ரசிக்கப் போகிறோமல்லவா, ஏறின உடனே துகியெம் அம்மா பஸ்ஸின் ஜன்னல்களையெல்லாம் இழுத்துச் சாத்தினார். "காத்து உள்ள பூந்துடும்! யாராச்சும் தொறந்தீங்க, நான் பொறுப்பில்ல!" காற்று உடம்புக்குள் புகுந்தால் என்னென்ன ஆகும் என்று அவர் சொல்லக் கேட்டால், உலகத்தில் இதுவரை செத்தவர்கள் எல்லோரும் காற்றால்தான் செத்தார்கள் என்று தோன்றும். கையில் தைலமும் செப்புக் காசுமாக வரிசை வரிசையாகப் போய், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றவென்று ஏப்பம் விட்டவர் முதுகையெல்லாம் சிவக்கச் சிவக்கச் சுரண்டினார். வெயில் படுகிறதென்று திரையை இழுத்துவிட்டார்கள். அப்புறம் பாட்டு. கியார்த்தோ மைக்கைப் பிடித்தவர் உங்காரான் தாண்டி, வோனோசோபோ தாண்டி, மலையேறி முடிக்கிறவரை விடவில்லை. வழியில் ஏரியும் வயலும் இருந்ததாகப் பின்னால் டிரைவர் சொன்னார், அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். நான் மெதுவாக முர்யாத்தி பக்கம் சாய்ந்து, "தூக்கம் வருதா?" என்றேன். "இல்லைங்க, திரையைப் பாத்துக்கிட்டிருக்கேன். நல்ல நீலம்" என்றாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் குன்றின் மேல் இருக்க வேண்டும் என்று எங்களைக் கூட்டிப்போக வந்த உருளைக்கிழங்கு விவசாயி சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் பனி திறக்குமாம், அரை மணி நேரம், அதற்குப் பிறகு மேகம் வந்து மூடிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதானாம். "அரை மணிங்க, ஐயா. மலை யாருக்காகவும் காத்திருக்காது" என்றார் அந்த மனிதர். நாங்கள் கேட்டோமா? வழியில் ஒரு கடை திறந்திருந்தது. பயணம் போய்விட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினால் மானம் போகுமே. ஆனால் இன்னும் எதையும் பார்க்கவேயில்லை, அதற்குள் எல்லோரும் கடைக்குள் புகுந்துவிட்டார்கள். "வர்றப்ப தீந்து போயிடும் தலைவரே!" சர்க்கரைப் பாகில் ஊறிய மலைப்பப்பாளி ஜாடிகளும் உருளை வறுவலும் மூட்டை மூட்டையாக. உங்களுக்கும் ஒரு ஜாடி அப்போதுதான் வாங்கினேன், ஆகவே அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. ஆரஞ்சு சட்டை போட்ட முப்பத்தேழு பேர் கையில் ஜாடிகளோடு குன்றேறியதைப் பார்த்து அங்கிருந்த ஆடு ஒன்று மேய்வதை நிறுத்திவிட்டது.

மேலே போய்ச் சேர்ந்தபோது சுற்றிலும் வெள்ளை. எதுவும் தெரியவில்லை. எண்டாங் டீச்சர் நேரத்தை வீணாக்குகிறவர் இல்லை. "பனி தொறக்கறதுக்குள்ள படத்தை முடிச்சிடலாம்! பேனர்! பேனர்!" குன்றின் விளிம்பில் இரண்டு மரக்கம்பங்கள் இருந்தன. "தலைவரே, நீங்க கட்டினாத்தான் நிக்கும், இல்லேன்னா காத்து அடிச்சிட்டுப் போயிடும்" என்றார். அது உண்மை. தபால் அலுவலகத்தின் பார்சல் கவுன்டரில் முப்பது வருஷம் கயிறு கட்டியவன் நான். என் முடிச்சு கப்பலேறிப் பாப்புவா வரை போய், வாங்க ஆளில்லாமல், அவிழாமல் திரும்பி வந்திருக்கிறது. தங்களுக்கு நான் மாம்பழம் அனுப்பிய வருஷம் அண்ணன் பல்லால் இழுத்துப் பார்த்ததையும் அதன் பின் நடந்ததையும் நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கட்டினேன். டீச்சர் போனை அந்த விவசாயி கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்து நடுவில் உட்கார்ந்தார். எல்லோரும் பேனருக்கு முன்னால், முதுகை மலைப்பக்கம் காட்டிக்கொண்டு, கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றோம். தாங்கள் பார்த்த படம் அதுதான், அக்கா. அதில் முர்யாத்தி இல்லை. படம் எடுத்தவருக்குப் பின்னால் இருந்த டீக்கடையோரம் உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றின் மேல் போய் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொண்ணு! இப்ப எல்லாரும் குதிக்கணும்!" என்றார் டீச்சர். தலைவர் மனைவி இல்லாமல் குதித்தால் நன்றாக இருக்காது என்று என்னை அனுப்பினார்கள். நான் அவளிடம் போய், "வாம்மா, எல்லாரும் காத்திருக்காங்க, ஒரே ஒரு படம்" என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம்தான் பனி மெல்ல விலக ஆரம்பித்திருந்தது. பேனருக்கு மேலே விரற்கடை அளவுக்குச் சிந்தோரோ மலையின் உச்சி தெரிந்தது. கீழே என் முகம், உயிர்மூச்சு, ஆரஞ்சு வரிசை. அவள் சத்தம் போடவில்லை, கோபப்படவும் இல்லை, களைத்துப்போய்ச் சொன்னாள்: "ஒரு சுவரை விட்டுட்டு வந்தேன்னு நெனச்சேன். இன்னொண்ணைச் சுருட்டிக் கையோட எடுத்தாந்திருக்கீங்க. அதுல உங்க மூஞ்சி வேற."

அக்கா, தாங்கள் என்னைத் திட்டியதெல்லாம் ஒரு பக்கம் வைத்தாலும் அந்த ஒரு வார்த்தை அதைவிடக் கனம். "கட்டு சரியா இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். எல்லோரும் முன்பக்கம் பார்த்தபடி குதிக்கத் தயாராக நிற்கிறார்கள், டீச்சர் "ஒண்ணு... ரெண்டு..." என்கிறார். நான் பேனருக்குப் பின்னால் போய் முடிச்சுகளைப் பார்த்தேன். பார்க்கத்தான் செய்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது பாருங்கள், துகியெம் அம்மா வாழ்நாளெல்லாம் எச்சரித்துக்கொண்டிருந்த அதே காற்றாகத்தான் இருக்க வேண்டும். வலப்பக்க முடிச்சு எப்படியோ நழுவிவிட்டது. மலைக்காற்றில் ஈரம் அதிகம், கயிறும் புதுசு. அடுத்து இடப்பக்கமும் நழுவிவிட்டது. ஐந்து மீட்டர் பேனர் படபடவென்று எழும்பி, என் முகத்தையும் தூக்கிக்கொண்டு கீழே வயல்களை நோக்கிப் பறந்தது. போனைப் பிடித்திருந்த அந்த விவசாயி ஏனோ போனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். மலை ஜனங்கள் கொஞ்சம் சிரித்த முகம்.

"ஐயோ பேனர்!" என்று டீச்சர் அலறினார். முப்பத்தைந்து பேரும் அதைப் பிடிக்கத் திரும்பினார்கள். திரும்பியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பனி முழுக்கத் திறந்துவிட்டது, அக்கா. சிந்தோரோ அடிமுதல் முடிவரை நின்றது. அதற்கு அப்பால் இன்னொரு மலை, அதற்கும் அப்பால் நீலமாக இன்னொன்று, கடைசியில் மலையா மேகமா என்று தெரியாத ஒன்று. காலுக்குக் கீழே படிப்படியாக உருளைக்கிழங்கு வயல்கள், நடுவில் பூமியிலிருந்து எழும் வெள்ளை ஆவி. எங்கள் சந்தில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் வாய்மூடி நின்று நான் கண்டதில்லை, துஆ ஓதும்போதுகூட யாராவது ஒருவர் குசுகுசுப்பார். துகியெம் அம்மா காதைச் சுற்றியிருந்த துண்டைத் தானாகவே அவிழ்த்தார். காற்று முகத்தில் அடித்தது, அவர் தைலத்தைத் தேடவில்லை. கியார்த்தோதான் முதலில் பேசினார், அதுவும் பள்ளிவாசலில் பேசுவது மாதிரித் தணிந்த குரலில். "தலைவரே, இவ்வளவு நாளா இது இங்கியேவா இருந்துச்சு?"

அப்போது முர்யாத்தி எழுந்து வந்தாள். யாரும் சொல்லாமலே எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். விளிம்பு வரை போய் நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன், போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் போனேன். அப்புறம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்க்கிட்டே இருக்குங்க. கண்ணு போய்க்கிட்டே இருக்கு, எங்கியும் முட்டல" என்றாள். முப்பத்தைந்து பேர் பின்னால் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த அரை மணி நேரம் நாங்கள் இரண்டு பேர்தான் அங்கே இருந்தோம், இதை மட்டும் தாங்கள் நம்ப வேண்டும். நான் அழுதேன். மேகம் வந்து மூடும்வரை ஒருவரும் நகரவில்லை. மூடிய பிறகுதான் டீச்சருக்கு நினைவு வந்தது. "அடக் கடவுளே, யாருமே படம் எடுக்கல!" மலை எங்கே என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேனர் கிடைத்தது. கீழே அந்த விவசாயியின் வயலில், அறுவடை செய்து குவித்திருந்த உருளைக்கிழங்கின் மேல் போய் விழுந்திருந்தது. "இதை எடுத்துட்டுப் போகணுமாங்க? மழைக்கு நல்லா இருக்கும் போல" என்று கேட்டார். டீச்சர் பெருமூச்சு விட்டுவிட்டு, "ஒற்றுமையா இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டார். ஆகவே இப்போது டியெங்கில் என் முகம் நல்ல காரியத்துக்குப் பயன்படுகிறது. திரும்பும்போது பஸ்ஸில் ஒரு ஜன்னல் திறந்தது. அதைத் திறந்தவர் யார் தெரியுமா? துகியெம் அம்மா. "கொஞ்சூண்டு. ரெண்டு விரல் அளவுதான்" என்றார். பாட்டு இல்லை. நேற்று கியார்த்தோ வந்து, தன் சுவரில் ஒரு ஆளை வைத்துச் சிந்தோரோ மலையை வரையச் சொல்லட்டுமா, மூலையில் சின்னதாகச் செயலாளர் படமும் போடலாமே என்று முர்யாத்தியைக் கேட்டார். "மலை மட்டும் போதும் அண்ணே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வாணலியில் வடை கருகிவிட்டது, அவளுக்கு அது தெரியவில்லை. இந்த வீட்டில் இருபத்தெட்டு வருஷத்தில் கருகிய முதல் வடை. நான்தான் தின்றேன், ருசியாகவே இருந்தது.

இனி நன்றி. அந்த விவசாயிக்கும், மரியாதைக்குக் கூப்பிட்டதை மெய்யாகவே எடுத்துக்கொண்ட கியார்த்தோவுக்கும், காற்றுக்கும், அதைப் படைத்தவனுக்கும் நன்றி. எல்லாவற்றுக்கும் முன்னால் தங்களுக்கு, அக்கா. தாங்கள் அன்று என்னைப் பிடித்து உலுக்கிச் சத்தியம் வாங்காவிட்டால் நான் இன்னும் பத்து வருஷம் "பாக்கலாம்" என்று சொல்லியே ஓட்டியிருப்பேன். தங்கள் தங்கையை என்னிடமே விட்டு வைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். அண்ணனுக்கு என் சலாம். தங்கள் வீட்டில் உள்ள அனைவருக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளையும், திறந்த ஜன்னலையும் தருவானாக.

தங்கள் காலடியில் பணியும் தம்பி,
வார்சித்தோ

பி.கு.: பப்பாளி ஜாடியை இத்துடன் தனிப் பார்சலாக அனுப்பியிருக்கிறேன். நானே கட்டினேன். ஒரு சொட்டும் கசியாது.

அக்கா, தபாலில் சேர்க்கச் சொல்லி இதை எங்கிட்ட குடுத்தாரு, நான் பிரிச்சுப் படிச்சுட்டேன். மத்ததெல்லாம் சரிதான். பார்சலைக் கையால அவிழ்க்கப் பாக்காத, கத்தரிக்கோலை எடு. அண்ணனைக் கிட்டயே விடாத. முப்பது வருஷத்துல இவரு போட்ட ஒரு முடிச்சு தானா அவுந்து நான் பாத்ததில்ல, நீயும் பாத்ததில்ல. அன்னிக்கு மட்டும் ரெண்டு முடிச்சும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நழுவிடுச்சாம். நான் இருந்த எடத்துலேருந்து பேனருக்கு அடியில இவரு கால் தெரிஞ்சுது, அக்கா. வலப்பக்கக் கம்பத்துக்கிட்ட ரொம்ப நேரம் நின்னுது, அப்புறம் இடப்பக்கக் கம்பத்துக்கு ஓடுச்சு. தன் மூஞ்சியைத் தானே அவுத்து விட்டுருக்காரு. நான் ஒண்ணும் கேக்கல. நம்பின மாதிரியே இருக்கேன். நீ என்னைக் கூட்டிட்டுப் போக வர வேண்டாம். நீயும் நம்பின மாதிரியே இருந்துக்கோ.

முர்யா